கணக்கேடும் செபமாலையும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பங்குத்தந்தை அவர்கள் என்னை அழைத்து, "பொன்விழாவில் ஒரு வங்கியாளரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுங்கள், அவர் குடும்பத்தையும் விசுவாசத்தையும் இரு கண்களாகப் போற்றியவராக இருக்க வேண்டும்" என்று பணித்தபோது எனக்குச் சற்றுச் சங்கடமாகவே இருந்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் நம் பங்கிலேயே பலர் இருக்கிறார்கள். இதோ முன்வரிசையிலும் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவரைப் புகழ்ந்தால் மற்றவர் மனம் நோகும். எல்லாரையும் புகழ்ந்தால் இரவுச் சாப்பாடு ஆறிப்போகும். ஆகவே யாருக்கும் மனத்தாங்கல் வராதபடி, கடல் கடந்து கனடா நாட்டுக்குப் போய் ஒருவரை அழைத்து வந்திருக்கிறேன். அவர் பெயர் அல்போன்ஸ் தெஜார்தான். அவர் பீடத்தில் ஏற்றப்பட்ட புனிதர் அல்லர். பங்குக் கோவிலில் மற்றவர்களோடு முழந்தாளிட்ட, மனைவி மக்களோடு வாழ்ந்த, மாதச் சம்பளம் வாங்கிய மனிதர். நம்மைப் போன்றவர்.

அவரிடம் போகுமுன், நாம் கொண்டாடும் இந்த விழாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பதாம் ஆண்டு என்றதும் நமக்குக் கொடியும் தோரணமும் மின்விளக்கும் நினைவுக்கு வருகின்றன. லேவியர் ஆகமத்தின் 25ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அங்கே ஐம்பதாம் ஆண்டு என்பது முழுக்க முழுக்கக் கடனோடும் நிலத்தோடும் சம்பந்தப்பட்ட காரியம். வறுமையால் விற்றுப்போன நிலம் அந்த ஆண்டில் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். வறுமையால் தன்னையே விற்று அடிமையானவன் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதே அதிகாரத்தில்தான், நொடித்துப்போன சகோதரனிடம் வட்டி வாங்காதே என்ற கட்டளையும் இருக்கிறது. தோரணம் நாம் சேர்த்துக்கொண்டது. கடனிலிருந்து விடுதலை என்பது ஆண்டவர் வைத்தது. ஆகவே பொன்விழா மேடையில் கடனையும் வட்டியையும் பற்றிப் பேசுவது இடம் தவறிய பேச்சு ஆகாது.

இப்போது கனடா நாட்டுக்குப் போவோம். அந்நாட்டின் கியூபெக் மாநிலத்தில் பிரெஞ்சு மொழி பேசும் கத்தோலிக்க மக்கள் மிகுதி. கியூபெக் நகருக்கு எதிரே, புனித லாரன்ஸ் ஆற்றின் மறுகரையில் லெவி என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1854ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் அல்போன்ஸ் பிறந்தார். எளிய குடும்பம். பதினைந்து பிள்ளைகளில் எட்டாவது பிள்ளை. பதினைந்து தட்டுகளை நிரப்புவதென்றால் ஒரு தாய் எப்படிக் கணக்குப் பார்த்திருப்பாள் என்பதை இங்கிருக்கும் தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஊரிலிருந்த கல்லூரியில் படித்துவிட்டுப் பத்திரிகைத் தொழிலில் இறங்கினார். 1879ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் சொரெல் என்ற ஊரைச் சேர்ந்த தொரிமேன் என்னும் பெண்ணைக் கைப்பிடித்தார். இவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள். தொழிலோ நிலையில்லாதது. மாநிலச் சட்டமன்ற விவாதங்களைத் தொகுத்து வெளியிட்டு வந்தார். அரசு கொடுத்துவந்த உதவித் தொகை நின்றதும் அந்த வேலையும் நின்றது. 1891இல் சொந்தமாக ஒரு பத்திரிகை தொடங்கினார்; சில மாதங்களில் அதுவும் நின்றது. குடும்பத் தலைவன் வேலையின்றி வீட்டில் உட்காருவதன் வேதனை அவருக்குப் புதிதன்று. கடைசியில் 1892இல் ஒட்டாவா நகரிலிருந்த பாராளுமன்றத்தில் சுருக்கெழுத்தாளர் வேலை கிடைத்தது. உறுப்பினர்கள் பிரெஞ்சு மொழியில் பேசுவதை எழுதிக்கொள்வதே அவர் உத்தியோகம். பாராளுமன்றம் கூடும் மாதங்களில் அவர் ஒட்டாவாவில். மனைவியும் பிள்ளைகளும் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் லெவியில். வளைகுடா நாடுகளுக்குக் கணவன்மாரை அனுப்பிவிட்டுக் குடும்பத்தைத் தாங்கும் சகோதரிகள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொரிமேன் அம்மையாரின் நிலைமை எளிதில் புரியும்.

1897ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள். பாராளுமன்றத்தில் மைக்கேல் குயின் என்ற உறுப்பினர் எழுந்து கந்துவட்டிக் கொடுமையைப் பற்றிப் பேசினார். மொன்றியல் நகரில் ஒருவன் 150 டாலர் கடன் வாங்கினானாம். வட்டியாக மட்டும் 5,000 டாலர் கட்டும்படி அவனுக்கு நீதிமன்றம் தீர்ப்பளித்ததாம். அவையில் இருந்தவர்கள் கேட்டார்கள், அதிர்ந்தார்கள், பிறகு அடுத்த அலுவலுக்குப் போனார்கள். பேச்சை எழுதிக்கொண்டிருந்த சுருக்கெழுத்தாளரால் மட்டும் அப்படி அடுத்த அலுவலுக்குப் போக முடியவில்லை. அந்த 5,000 டாலர் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அன்பார்ந்தவர்களே, பிரசங்கம் கேட்டு மனம் உருகாதவர் நம்மில் யார்? உருகிய மனத்தோடு வீட்டுக்குப் போய் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. அல்போன்ஸ் என்ன செய்தார் தெரியுமா? படிக்க உட்கார்ந்தார். ஐரோப்பாவில் ஏழைகள் தாங்களே நடத்தும் கடன் சங்கங்களைப் பற்றி ஹென்றி உல்ஃப் என்பவர் எழுதிய நூல் ஒன்று பாராளுமன்ற நூலகத்தில் அவருக்குக் கிடைத்தது. அந்த ஆசிரியருக்கே கடிதம் எழுதினார். அவர் வழியாக ஜெர்மனி, இத்தாலி, பிரான்சு முதலிய நாடுகளில் இத்தகைய வங்கிகளை நடத்தியவர்களின் தொடர்பு கிடைத்தது. அவர்களுக்கும் எழுதினார். விதிகள் எப்படி, நட்டம் வந்தால் யார் பொறுப்பு, யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கலாகாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் இந்தப் படிப்பு நடந்தது. அவசரப்பட்டு ஒரு காசைக்கூட யாரிடமிருந்தும் வாங்கவில்லை.

இங்கே ஓர் ஒற்றுமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே ஆண்டுகளில் நம் சென்னை மாகாணத்திலும் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி, விவசாயிகளின் கடன் சுமையைப் பற்றி ஆராய்ந்து 1895இலும் 1897இலும் இரண்டு தொகுதிகளாக அறிக்கை அளித்தார். அவரும் ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களையே வழியாகக் காட்டினார். அதன் பயனாக 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூரில் அவ்வாண்டே சங்கம் பிறந்தது. லெவியிலும் திரூரிலும் ஏழையின் கழுத்தை இறுக்கியது ஒரே கயிறு. அதை அவிழ்க்கத் தேடிய வழியும் ஏறத்தாழ ஒன்றே.

1900ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் லெவியில் கூட்டம் கூடியது. நூறு பேருக்கு மேல் வந்து கையொப்பமிட்டார்கள். டிசம்பர் 6 புனித நிக்கோலாஸ் திருநாள். வரதட்சணைக்கு வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டுக்குள் இரவோடு இரவாகப் பொன்முடிப்பைப் போட்டுவிட்டுச் சென்றார் என்று மரபுவழியாகச் சொல்லப்படும் அதே புனிதர். அந்தப் புனிதரின் நாளில் பிறந்த சங்கம் வேறொரு வழியைக் கண்டது. யாரோ வந்து பொன்முடிப்பைப் போடுவார் என்று காத்திராமல், ஏழைகள் தங்கள் சில்லறையைத் தாங்களே சேர்த்துத் தங்களுக்குள் ஒருவர்க்கொருவர் உதவிக்கொள்ளும் வழி அது. பிரெஞ்சு மொழியில் அதற்குக் 'கேஸ் பொப்புலேர்' என்று பெயர். 'மக்கள் பெட்டகம்' என்று நாம் சொல்லலாம்.

1901ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் பெட்டகம் திறந்தது. முதலில் விழுந்த பணம் 10 சென்ட். அன்று முழுவதும் சேர்ந்த தொகை 26 டாலர் 40 சென்ட். பெரிய வங்கிகளின் வாசலில் இதைக் கொண்டுபோய் வைத்தால் காவலாளிகூடத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான். ஆனால் காணிக்கைப் பெட்டியில் இரண்டு செப்புக்காசு போட்ட விதவையைத் திரும்பிப் பார்த்த ஒருவர் உண்டு. அவரை நம்பித்தான் அல்போன்ஸ் அந்தப் பெட்டியைத் திறந்தார்.

அந்தச் சங்கத்தின் ஒழுங்குகளைச் சற்றுக் கவனியுங்கள். பங்கு ஒன்றின் விலை 5 டாலர்; அதையும் தவணையாகக் கட்டலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு. பணக்காரன் பத்துப் பங்கு வாங்கலாம். ஆனால் பத்துக் கை தூக்க முடியாது. சங்கத்தின் எல்லை பெரும்பாலும் பங்கின் எல்லையே. ஒரே கோவிலில் திருப்பலி காண்பவர்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள் மட்டுமே உறுப்பினர். கடன் கேட்டு வருபவரிடம், எதற்காக என்று கேட்பார்கள். தொழிலுக்கு, கருவி வாங்க, குளிர்காலத்துக்கு விறகு வாங்க என்றால் கிடைக்கும். வீண் ஆடம்பரத்துக்கு என்றால் கிடைக்காது. ஈடாக நிலம் இல்லாதவனுக்கு அவனுடைய நாணயமே ஈடு. நாணயம் என்ற ஒரே சொல் தமிழில் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. அந்த இரண்டு பொருளையும் ஒரே பெட்டிக்குள் வைத்தவர் அவர்.

இன்னொரு விதி. கடன் வழங்கும் குழுவில் இருப்பவர்கள் சங்கத்திலிருந்து தாங்கள் கடன் வாங்கக் கூடாது. இந்த விதியை இன்னொரு முறை சொல்ல ஆசைப்படுகிறேன். ஆனால் பங்குப் பேரவையினர் என்னைப் பார்க்கிறார்கள், ஆகவே விட்டுவிடுகிறேன்.

இப்போது தொரிமேன் அம்மையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைச் சொல்லாமல் விட்டால் கதையில் பாதியை விட்டதாகும். பாராளுமன்றம் கூடும்போதெல்லாம் அல்போன்ஸ் ஒட்டாவாவுக்குப் போய்விடுவார். அப்போது பெட்டகத்தைப் பார்ப்பது யார்? முதல் ஆண்டுகளில் அவர்கள் வீடே அலுவலகம். அடுப்பில் சூப்புக் கொதிக்கும், தொட்டிலில் குழந்தை அழும், வாசலில் ஒருவர் 25 சென்ட் கட்ட வந்து நிற்பார். அம்மையார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கணக்கேட்டைத் திறப்பார். 1903 முதல் 1906 வரை லெவிப் பெட்டகத்தின் அன்றாட நிர்வாகம் அவர் கையிலேயே இருந்தது. சம்பளம் கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், அக்காலத்துக் கியூபெக் சட்டப்படி மணமான பெண் கணவனின் அனுமதியின்றித் தன் பெயரில் ஓர் ஒப்பந்தம்கூடச் செய்ய முடியாது. சட்டம் நம்பாத கையை ஊர் நம்பிற்று. தங்கள் சேமிப்பையெல்லாம் அந்தக் கையில் கொண்டுவந்து கொடுத்தது.

ஆனால் அந்த ஆண்டுகள் மலர்ப்பாதையாக இருக்கவில்லை. அப்போது இத்தகைய சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரமே இல்லை. சட்டத்தின் கண்ணில் பெட்டகம் என்று ஒன்று கிடையாது. அல்போன்ஸ் என்ற தனி மனிதன்தான் உண்டு. ஏதேனும் தவறு நேர்ந்து பணம் போனால், மற்றவர்களின் சேமிப்புக்கெல்லாம் அவர் தலையே பொறுப்பாகும் அபாயம். ஒரு சுருக்கெழுத்தாளரின் சம்பளம். பத்துப் பிள்ளைகள் பிறந்த வீடு. ஊர்ப்பணம் வளர வளர அந்தத் தாய்க்கு மகிழ்ச்சி வளர்ந்ததா, அச்சம் வளர்ந்ததா? இரண்டும் வளர்ந்தன. பிறருக்கு நன்மை செய்யப் போய்ச் சொந்தப் பிள்ளைகளின் சோற்றில் மண் விழுந்துவிடுமோ என்ற கவலை அந்த வீட்டில் குடியிருந்தது. அல்போன்சும் மனம் தளர்ந்த நாள்கள் உண்டு.

குடும்பமா, ஊழியமா என்று சிலர் கேட்பதுண்டு. குடும்பத்தை மறந்து ஊருக்கு உழைத்தவர்களைப் பெரிய தியாகி என்று பாராட்டுகிறோம். அவர்கள் பிள்ளைகளைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஊரை மறந்து குடும்பத்தை மட்டும் பார்த்தவர்களையோ நல்ல குடும்பஸ்தர் என்கிறோம். அவர்களுடைய அண்டை வீட்டாரைக் கேட்க வேண்டும். இந்தத் தம்பதியர் இரண்டில் ஒன்றையும் கைவிடவில்லை. மனைவியின் அச்சத்தைக் கணவர் அசட்டை செய்யவில்லை. "சட்டம் வரும்வரை விரிவாக்க வேண்டாம்" என்று அடக்கமாகவே நடந்தார். அந்த ஐந்தாறு ஆண்டுகளில் லெவியைத் தவிர வெகு சில இடங்களிலேயே பெட்டகம் திறந்தார். பல ஊர்களிலிருந்து அழைப்பு வந்தும், "பொறுங்கள்" என்றார். கணவரின் கனவை மனைவி குலைக்கவுமில்லை. கணக்கேட்டை மூடிவைத்துவிட்டு, "இனி உங்கள் பாடு" என்று சொல்லவுமில்லை. கியூபெக் நகரின் பேராயர் லூயி நசேர் பெகான் ஆண்டகையும், லெவிக் கல்லூரிக் குருக்களும் அவர்களுக்கு ஆதரவாக நின்றார்கள். முடிவில் 1906ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் கியூபெக் மாநிலத்தில் கூட்டுறவுச் சங்கங்களுக்கான சட்டம் நிறைவேறியது. அந்த இரவு அவ்வீட்டில் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

சட்டம் வந்தபின் அவர் வேகத்தைப் பாருங்கள்! பாராளுமன்ற வேலை இல்லாத மாதங்களில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். பங்குக்குரு அழைப்பார், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மக்கள் கூடுவார்கள், அல்போன்ஸ் எழுந்து எளிய சொற்களில் விளக்குவார், அங்கேயே சங்கம் உருவாகும். பல ஊர்களில் பங்குக்குருவே தலைவராகவோ கணக்கராகவோ பொறுப்பேற்றார். இப்படி அவர் நேரில் போய்த் தொடங்கியவை நூற்றுக்கும் அதிகம். 1908இல் எல்லை தாண்டி அமெரிக்க நாட்டின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்குப் போனார். அங்கே மான்செஸ்டர் நகரில் ஆலைத் தொழிலாளர்களாக இருந்த பிரெஞ்சுக் கத்தோலிக்கர்களுக்காகப் புனித மரியன்னை பங்கில் ஒரு சங்கம் அமையத் துணை செய்தார். அமெரிக்காவின் முதல் கடன் சங்கம் அதுதான். ஒரு பங்குக் கோவிலின் நிழலில் அது பிறந்தது என்பதை இந்தப் பொன்விழா நாளில் நினைத்துக்கொள்வோம்.

தோல்வியும் வந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் வேண்டும் என்று பாடுபட்டார். 1908இல் மக்களவை அந்த மசோதாவை ஏற்றுக்கொண்டது. மேலவையில் ஒரே ஒரு வாக்கில் அது தோற்றது. பத்தாண்டு உழைப்பு ஒரு வாக்கில் போயிற்று. அதற்காக அவர் தெருவில் நின்று யாரையும் திட்டவில்லை. கிடைத்த மாநிலச் சட்டத்தை வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் பயணமானார். 1913ஆம் ஆண்டில் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் அவருக்குப் புனித பெரிய கிரகோரியார் விருதை அளித்துச் சிறப்பித்தார். பத்துச் சென்ட்டில் தொடங்கிய பெட்டி உரோமாபுரி வரையில் தெரிந்துவிட்டது.

பின்னர் நோய் வந்தது. சிறுநீரக நோய். பயணம் குறைந்தது. 1917இல், இருபத்தைந்து ஆண்டு உழைத்த பாராளுமன்ற வேலையிலிருந்து ஓய்வு பெற்று லெவி வீட்டோடு இருந்துவிட்டார். ஓய்வு பெற்றவரின் நாற்காலி நமக்குத் தெரிந்ததுதானே. காலையில் செய்தித்தாள், மாலையில் வாசல் திண்ணை, நடுவில் "என் காலத்தில்..." என்று தொடங்கும் பேச்சு. அவர் நாற்காலிக்கு முன் ஒரு மேசை இருந்தது. மேசையில் ஊர் ஊராகப் பெட்டகம் நடத்தியவர்களின் கடிதங்கள். இந்தக் கடனைக் கொடுக்கலாமா, அந்த விதிக்கு என்ன பொருள், வரவு செலவு இடிக்கிறதே என்று கேட்டு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதுவதே அவருடைய ஓய்வு. மகள் ஒருத்தி எழுத்து வேலையில் துணை நின்றாள். சிதறிக் கிடக்கும் சங்கங்களையெல்லாம் ஒன்றாக இணைத்து ஒரு மத்திய அமைப்பு வேண்டும் என்று கடைசிவரை ஆசைப்பட்டார். அது கைகூடுமுன், 1920ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், சகல புனிதர் திருநாளுக்கு முந்திய தினம், இறைவனடி சேர்ந்தார்.

தொரிமேன் அம்மையார் அதற்குப் பின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். தம் கணவரின் எண்ணம் எது என்று சங்கத்தவர் தடுமாறிய வேளைகளில் அவருடைய சொல்லுக்கு மதிப்பு இருந்தது. 1932ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள் அவர் கண் மூடினார். சங்கங்களின் மாநிலக் கூட்டமைப்பு உருவானதும் அதே 1932ஆம் ஆண்டிலேதான். இன்று அந்த நிறுவனம் வட அமெரிக்காவிலேயே மிகப் பெரிய கூட்டுறவு நிதி அமைப்பு. எழுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் பயன் பெறுகிறார்கள். அதன் தலைமையிடம் இன்றும் லெவி நகர்தான்.

அன்பார்ந்தவர்களே, நமக்கு இதில் என்ன பாடம்? நான் மூன்றே மூன்று சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, வட்டியை நாம் வேறு யாரோ செய்யும் பாவம் என்று நினைக்க வேண்டாம். நம் மாநிலத்தில் 2003இலேயே அதிக வட்டி வசூலைத் தடை செய்யும் சட்டம் வந்தது. ஆயினும் தினவட்டியும் மீட்டர் வட்டியும் இன்னும் நம் தெருக்களில் நடமாடுகின்றன. மகளின் திருமணத்துக்கு வாங்கியவர்கள், மருத்துவமனைச் செலவுக்கு வாங்கியவர்கள், திருவிழாவுக்குப் புதுத்துணி எடுக்க வாங்கியவர்கள், இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வட்டிக்குக் கொடுக்கிறவரும் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம் அல்லவா? ஞாயிறு திருப்பலியில் சமாதானம் பகிர்ந்துகொண்ட கையே திங்கள் காலையில் கதவைத் தட்டினால், அந்தச் சமாதானத்துக்கு என்ன பொருள்? தன் பந்தியில் இயேசு அமர்ந்ததும் சக்கேயு பாட்டுப் பாடவில்லை, கணக்கேட்டை எடுத்தான். அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். அவன் மனம் திரும்பியதற்கு அந்தக் கணக்கேடே சாட்சி.

இரண்டாவது, நம்பிக்கை வேண்டும், ஒழுங்கும் வேண்டும். "நம்ம கோவில் ஆள்தானே" என்று கையெழுத்துக்கூட இல்லாமல் சீட்டுக் கட்டி, சீட்டுப் பிடித்தவர் ஊரைவிட்டுப் போனபின் தலையில் கைவைத்த குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். சீட்டு நடத்த 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும் என்பதை எத்தனை பேர் கேட்டோம்? அல்போன்ஸ் தெய்வபக்தி மிகுந்தவர். அதனால்தான் சட்டம் வரும்வரை காத்திருந்தார், கடன் வழங்கும் குழுவினருக்குக் கடன் இல்லை என்று விதி செய்தார், ஒவ்வொரு சென்டையும் எழுதிவைத்தார். முதல் ஆண்டுகளில் ஒரு சென்ட்கூட நட்டமாகவில்லை என்று அவரால் நிமிர்ந்து சொல்ல முடிந்தது. பக்திமான் என்பதால் கணக்குக் கேட்காமல் விடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவரைச் சோதனைக்கு உட்படுத்துவதே ஆகும்.

மூன்றாவது, ஓய்வு பெற்ற நம் பெரியவர்களுக்கு. ஐயா, நீங்கள் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் உட்கார்ந்து கற்றது சிறிய கல்வி அன்று. நகைக்கடன் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல், தவணை தவறித் தாலிச் சங்கிலி ஏலத்துக்குப் போன குடும்பங்கள் உண்டு. கணவன் இறந்தபின், கணக்கில் வாரிசு நியமனம் செய்யாததால் தன் வீட்டுப் பணத்துக்கே அலுவலகம் அலுவலகமாக அலையும் விதவைகள் உண்டு. கல்விக் கடனுக்கு எந்தப் படிவம், எந்தச் சான்றிதழ் என்று அறியாமல் பிள்ளையின் படிப்பையே நிறுத்திய தகப்பன்மார் உண்டு. இவர்களுக்கெல்லாம் பெரிய நிதி தேவையில்லை. ஞாயிறு திருப்பலிக்குப் பின் மண்டபத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பொறுமையுள்ள ஒரு பெரியவர் போதும். யாருடைய பணத்தையும் கையால் தொட வேண்டாம். படித்துச் சொல்லுங்கள், நிரப்பிக் கொடுங்கள், கூடப் போய் நில்லுங்கள். ஓய்வு பெற்ற நாளில் வங்கி உங்களிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டது, அறிவை வாங்கிக்கொள்ளவில்லை. அந்தத் தாலந்தைப் பூமியில் புதைத்துவிடாதீர்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் குழுத் திட்டம் இன்று தமிழகம் எங்கும் பரவியிருக்கிறது. பாயில் வட்டமாக உட்கார்ந்து, தகரப் பெட்டியையும் நோட்டுப் புத்தகத்தையும் நடுவில் வைத்துக் கணக்குப் பார்க்கும் பெண்களைக் காணும்போது எனக்கு லெவி ஊரின் அந்தச் சமையலறை நினைவுக்கு வருகிறது. இந்தப் பெண்களுக்குத் தொரிமேன் என்ற பெயர் தெரியாது. ஆனால் அவர் செய்த வேலை தெரியும். வீட்டு ஆண்மக்கள் அந்த நோட்டை ஏளனம் செய்யாதிருந்தால் போதும்.

கணக்கேடு வேறு, செபமாலை வேறு என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். ஒன்று கடைக்கு, ஒன்று கோவிலுக்கு. லெவியில் வாழ்ந்த அந்தக் கணவனும் மனைவியும் இரண்டையும் ஒரே மேசையில் வைத்தார்கள். அதனால் ஊராரின் அடுப்பு எரிந்தது, அவர்கள் வீட்டு விளக்கும் அணையவில்லை. நம் பங்கு தன் அடுத்த ஐம்பது ஆண்டைத் தொடங்குகிறது. கோபுரத்துக்கு வண்ணம் பூசியாயிற்று, மணியும் புதிதாயிற்று. அடுத்த திருவிழாவுக்குள் கடனிலிருந்து ஒரே ஒரு குடும்பத்தையாவது மீட்டு, தலைநிமிர்ந்து கோவில் படியேறச் செய்வோமானால், லேவியர் ஆகமம் சொல்லும் எக்காளம் நம் ஊரிலும் ஊதப்பட்டது என்று நான் சொல்வேன்.

அதற்கான வரத்தை ஆண்டவரும், உழைப்பாளரின் பாதுகாவலரான புனித சூசையப்பரும், நம் அன்னை மரியாளும் நமக்குப் பெற்றுத் தருவார்களாக. 

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!